கண் மூடினும் கால் அறியும்

சென்ற ஐந்து திங்களாகக் கண், செவி, மூக்கு, நா, தோல் என்னும் ஐம்பொறிகளைப் பற்றி இப்பகுதியில் எழுதி வந்தோம். "ஐந்தும் முடிந்தனவே, இனி எழுதுவதற்கு என்ன இருக்கிறது?" என்று அன்பர் ஒருவர் நம்மை வினவினார். ஐந்தோடு முடிந்துவிடவில்லை என்பதே நம் விடை. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓயாது உழைத்து, ஒருநாளும் தன்னைக் காட்டிக்கொள்ளாத புலன் ஒன்று உண்டு. பேச்சு வழக்கில் அதற்குத் தனிப் பெயர்கூட இல்லை. அதனைப் பற்றியதே இத்திங்கள் கட்டுரை. வீட்டில் முதியோரை வைத்துப் பேணும் அன்பர்கள் இதனை இறுதிவரை படிக்குமாறு வேண்டுகிறோம். காரணம் பின்னர் விளங்கும்.

முதலில் ஒரு சிறு சோதனை. அமர்ந்தபடியே கண்களை மூடிக்கொள்ளுங்கள். இடக்கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, விரல்களில் இரண்டை மட்டும் மடக்குங்கள். இப்போது கை எங்கே இருக்கிறது? மடங்கிய விரல்கள் எவை? கண் திறவாமலே விடை கூறிவிடுவீர்கள். அடுத்து, வலக்கையின் சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொடுங்கள். விரல் வழி தவறாமல் அங்கே சென்று நிற்கும். கண் மூடியிருக்கிறது, செவிக்கு இங்கே வேலையில்லை, கை வெளியில் நிற்கையில் எதனையும் தொடவும் இல்லை. பின் அது நிற்கும் இடத்தை நமக்குச் சொன்னவர் யார்? விளக்கு அணைந்த இரவிலும் உண்ணும் கவளம் வாய்க்குத்தானே போகிறது! அஃது எவ்வாறு?

உயிர்களை அறிவின் அளவால் வகுத்த தொல்காப்பியம், உடம்பால் உற்றறியும் ஓரறிவு முதலாக, நா, மூக்கு, கண், செவி என ஒவ்வோர் அறிவாகக் கூட்டி, மனத்தோடு ஆறு என்று மரபியலில் முறைப்படுத்துகிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் புலன்கள் ஐந்து என்றே கூறினார். காண்பதற்குக் கண்ணும் கேட்பதற்குச் செவியும் முகத்திலேயே இருக்கின்றன. நாம் கூறும் புலனுக்கோ வெளியே தெரியும் பொறி இல்லை. தசைக்குள்ளும் மூட்டுக்குள்ளும் மறைந்து கிடப்பதால், தனியே ஒரு புலனாக அதனை எண்ணுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் சார்லஸ் பெல், 1826ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். மூளையிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்பு ஒன்று இருந்தால் மட்டும் போதாது; தசையின் நிலையை மூளைக்குத் திருப்பி அறிவிக்கும் நரம்பும் வேண்டும்; இரண்டும் சேர்ந்து ஒரு வட்டம் ஆகின்றன என்பதே அக்கருத்து. அவர் எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்று நெஞ்சைத் தொடுவது. கைக்குழந்தையை உடைய தாய் ஒருத்திக்கு நோய் கண்டு, உடம்பின் ஒரு பக்கம் வலிமை இழந்தது. மறுபக்கம் வலிமை இருந்தும் உணர்ச்சி இழந்தது. வலிமை உள்ள கையால் அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்வாள். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரையில் பிடி உறுதியாக இருக்கும். பார்வையும் கவனமும் வேறு பக்கம் சென்றால், அவள் அறியாமலே கை மெல்ல மெல்லத் தளரும். குழந்தை நழுவத் தொடங்கும். கையில் வலு இருந்தது, அன்பும் குறையவில்லை. கை என்ன செய்கிறது என்னும் செய்தி மட்டுமே வந்து சேரவில்லை.

ஆங்கில அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன், 1906ஆம் ஆண்டு வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் இப்புலனுக்கு ஒரு பெயரை நிலைநாட்டினார். தனக்குரியது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டு பிறந்த அச்சொல்லே இன்று ‘புரோபிரியோசெப்ஷன்’ என வழங்குகிறது. தமிழில் ‘தன்னிலை உணர்வு’ எனலாம். மற்றப் புலன்கள் உலகத்தை நமக்குக் காட்டுகின்றன. இப்புலன் நம் உடம்பையே நமக்குக் காட்டுகிறது. நரம்பணுக்களின் தொழிலை ஆராய்ந்தமைக்காக ஷெரிங்டனுக்கு 1932ஆம் ஆண்டு நோபெல் பரிசு, எட்கர் ஏட்ரியன் என்னும் அறிஞரோடு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

இனி இப்புலன் தொழில் செய்யும் முறையைக் காண்போம். நம் தசைகளுக்குள்ளே, சில மில்லிமீட்டர் நீளமே உடைய நுண்ணிய உறுப்புகள் தசைநார்களோடு இணையாகப் படுத்திருக்கின்றன. நூல் நூற்கும் கதிர்போல நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கி இருப்பதால் இவற்றைத் தசைக்கதிர் என்பர். தசை நீளும்போது கதிரும் நீளும். எவ்வளவு நீண்டது, எவ்வளவு விரைவாக நீண்டது என்னும் இரண்டையும் கதிரைச் சுற்றியுள்ள நரம்பு முனைகள் அறிவிக்கும். தசை சுருங்கும்போது கதிர் தொய்ந்து செய்தி நின்றுவிடலாகாது அன்றோ? அதற்காகக் கதிரை முறுக்கி வைக்கும் தனிக் கட்டளை நரம்புகளும் உண்டு. என்னே இயற்கையின் முன்னேற்பாடு!

தசை எலும்போடு சேரும் இடத்தில் உள்ள தசைநாணில் வேறொரு வகைப் பொறி இருக்கிறது. இத்தாலிய அறிஞர் கமில்லோ கோல்கியின் பெயரால் அது வழங்கும். நாணின்மேல் விழும் இழுவிசையை அளப்பது அதன் தொழில். நீர் நிறைந்த குடம் என்று எண்ணித் தூக்கிய குடம் வெறுங்குடமாக இருந்தால் கை வெடுக்கென்று மேலே போகிறது. உடனே தன்னை அடக்கிக்கொள்கிறது. இத்தகைய திருத்தத்திற்கு உதவுவன இப்பொறிகள். மூட்டுகளைச் சூழ்ந்த உறைகளிலும், மூட்டு மடங்கும்போது இழுபடும் தோலிலும் உள்ள நரம்பு முனைகளும் தம் பங்கிற்குச் செய்தி அனுப்புகின்றன.

மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டக் கண்டிருப்பீர்கள். தட்டியவுடன் தொடைத்தசை சற்றே நீள்கிறது. கதிர்கள் அதனை முதுகுத்தண்டுவடத்திற்கு அறிவிக்கின்றன. மூளையின் ஆணைக்குக் காத்திராமல் தண்டுவடமே மறுகட்டளை அனுப்பிவிடுகிறது. கால் முன்னே உதறுகிறது. கதிரிலிருந்து புறப்படும் நரம்புகள் உடம்பிலுள்ள நரம்புகளுள் மிக விரைந்தவை. வினாடிக்கு ஏறத்தாழ 70 முதல் 120 மீட்டர் தொலைவு செய்தி பாய்கிறது. இது மணிக்கு 250 முதல் 430 கிலோமீட்டர் ஆகும். வந்தே பாரத் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமே மணிக்கு 160 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரயில்வேயில் எழுத்துப்பணி செய்யும் நமக்கு இங்கே கட்டுப்பாட்டு அலுவலகமே உவமையாகத் தோன்றுகிறது. அங்கே ஒரு பிரிவுக்குப் பொறுப்பான கட்டுப்பாட்டாளர் அறைக்குள் அமர்ந்திருக்கிறார். அவர் கண்ணுக்கு ஒரு வண்டியும் தெரியாது. ஆயினும் எந்த வண்டி எந்த நிலையத்தைக் கடந்தது, எது எங்கே காத்து நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நிலையந்தோறும் இருந்து வரும் நேரக்குறிப்புகளைக்கொண்டு, ஒருபுறம் நிலையங்களும் மறுபுறம் மணித்துளிகளுமாக அமைந்த தாளில் அவர் கோடு இழுப்பார். இன்று அக்கோடுகள் கணிப்பொறித் திரையில் விழுகின்றன. நம் மூளையும் அத்தகைய அறையில்தான் இருக்கிறது. எலும்புக் கூட்டிற்குள் இருளில் அமர்ந்தபடி, தசையும் நாணும் மூட்டும் அனுப்பும் குறிப்புகளைக்கொண்டே அது கையின் இடத்தையும் காலின் போக்கையும் அறிகிறது. குறிப்புகளில் ஒரு பகுதி பெருமூளைக்குச் சென்று நாம் உணரும் அறிவாகிறது. ஒரு பகுதி சிறுமூளைக்குச் சென்று, நாம் உணராமலே அசைவுகளைச் செப்பம் செய்கிறது.

நிலையத்திலிருந்து பொய்க்குறிப்பு வந்தால் என்ன ஆகும்? கட்டுப்பாட்டாளர் தவறான இடத்தில் கோடு இழுப்பார். உடம்பிலும் அவ்வாறே நிகழும் என்பதைக் குட்வின், மக்கிளாஸ்கி, மேத்யூஸ் என்னும் மூவர் 1972ஆம் ஆண்டு காட்டினர். கண்ணை மறைத்துவிட்டு, மேற்கையின் முன்தசை நாணின்மேல் அதிரும் கருவி ஒன்றை வைத்தனர். அதிர்வைக் கதிர்கள் ‘தசை நீள்கிறது’ என்று பிழையாக அறிவித்தன. கை உண்மையில் இருந்த நிலைக்கு மாறாக, முழங்கை நீண்டு நிற்பதாகவே அம்மனிதர் உணர்ந்தார். மூட்டுகளின் செய்தியே இவ்வுணர்வுக்கு அடிப்படை என்று அதற்குமுன் பலர் கருதி வந்தனர். தசைக்கதிரே தலைமை வகிக்கிறது என்பது இச்சோதனைக்குப்பின் தெளிவாயிற்று.

செய்தியே வாராவிடில்? அதற்கும் ஒரு சான்று உண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள ஜெர்சித் தீவில் இறைச்சிக் கடையில் பணிபுரிந்த இயன் வாட்டர்மன் என்பவருக்கு, 1971ஆம் ஆண்டு, 19ஆம் வயதில், நோய் ஒன்று கண்டது. அதன் விளைவாகக் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்ச்சியும் தன்னிலை உணர்வும் அற்றுப்போயின. வலியும் வெப்பமும் தட்பமும் தெரிந்தன. தசைகளிலும் வலு இருந்தது. ஆயினும் அவரால் எழுந்து அமர இயலவில்லை. கை கால்கள் அவர் விருப்பத்திற்கு அடங்காமல் அலைந்தன. மருத்துவர்கள் பலர் நம்பிக்கை இழந்த நிலையில், அவர் தாமே ஒரு வழி கண்டார். ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் மனத்தால் திட்டமிட்டு, முதலில் அமரவும், பின் உண்ணவும், நெடுநாட்களுக்குப்பின் நடக்கவும் கற்றார். நாம் எண்ணாமல் செய்வதை அவர் ஒவ்வொரு முறையும் எண்ணிச் செய்யவேண்டும். விளக்கு அணைந்தால் தரையில் சரிந்துவிடுவார். ஜோனதன் கோல் என்னும் மருத்துவர் 1991ஆம் ஆண்டு இவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஒரு நாள் நடமாடுவதே அவருக்கு நெடுந்தூர ஓட்டத்திற்கு ஒப்பாகும் என்பதை அந்நூலின் பெயரே கூறும்.

அண்மைக் காலத்தில் இப்புலனின் வாயிற்கதவையே அறிஞர் கண்டுவிட்டனர். இழுபட்டால் திறந்து நரம்பில் மின்குறிப்பை எழுப்பும் ‘பீசோ’ என்னும் புரதங்களை ஆர்டெம் பட்டப்பூட்டியான் குழுவினர் 2010ஆம் ஆண்டு கண்டறிந்தனர். அவற்றுள் இரண்டாவது வகையே தன்னிலை உணர்வுக்கு இன்றியமையாதது என்பது 2015ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியால் விளங்கிற்று. பிறவியிலேயே அப்புரதம் குன்றிய இருவரைப் பற்றி 2016ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். கண் திறந்திருக்க நடந்த அவர்கள், கண்ணைக் கட்டியதும் தடுமாறினர். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு பட்டப்பூட்டியானுக்கும் டேவிட் ஜூலியஸ் என்பவருக்கும் கிடைத்தது. பட்டப்பூட்டியான் லெபனான் நாட்டில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, உள்நாட்டுப் போரின் நடுவே 1986ஆம் ஆண்டு இளைஞராக அமெரிக்கா சென்றவர். பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நமக்கு இது தனி மகிழ்ச்சி தருவதே.

இப்புலன் பயிற்சியால் கூர்மை பெறும். புள்ளிக் கோலம் இடும் பெண்மணியின் கண் அடுத்த புள்ளியைப் பார்க்கிறது. மாவை விடும் விரல்களைப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு வடக்கே வந்தோர் நம்மவருள் பலர். தட்டச்சுப் பள்ளியில் முதல் பாடமே விசைப்பலகையைப் பார்க்கலாகாது என்பதுதான். கண் தாளில் ஓட, விரல் தானே எழுத்தைத் தேடிச் சென்றது. நம் குடும்பங்கள் பல இங்கே அடுப்பு மூட்டியதற்கு விரல்களின் இவ்வறிவும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது. கணுக்கால் சுளுக்கி ஆறியபின் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியை மருத்துவர் கூறுவதும் இப்புலனைத் திரும்பத் தீட்டுவதற்கே.

இனி நாம் முதலில் குறிப்பிட்ட செய்திக்கு வருவோம். நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று துணைகள் உள்ளன: கண், உட்செவியில் உள்ள சமநிலைப் பொறி, காலிலிருந்து வரும் தன்னிலை உணர்வு. காலின் செய்தி குன்றினால் கண் அதன் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ஆதலின் பகலில் குறை வெளியே தெரிவதில்லை. கண்ணுக்கு ஒளி இல்லாதபோதுதான் தெரிகிறது. பெர்லின் நகர மருத்துவர் ரோம்பெர்க் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ட சோதனை இதனையே அடிப்படையாகக் கொண்டது. இரு பாதங்களையும் சேர்த்து நிற்கச் செய்து, பின் கண்ணை மூடச் சொல்வர். கண்ணை மூடியதும் மிகுதியாகத் தள்ளாடினால், காலின் செய்தியில் குறை இருக்கலாம் என்று ஐயுறுவர்.

நம் வீடுகளில் இச்சோதனை நாள்தோறும் தானே நிகழ்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிக் குனியும்போது பெரியவர் ஒருவர் தள்ளாடிச் சுவரைப் பற்றுகிறார். நடக்கையில் காலிலிருந்து செருப்பு கழன்றுபோனது தெரியாமல் நாலடி சென்றுவிடுகிறார். ‘தரை பஞ்சுமெத்தைபோல் இருக்கிறது’ என்கிறார். இரவில் எழுந்தால் மட்டும் தடுமாறுகிறார். கேட்ட நாம் என்ன கூறுகிறோம்? ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று கூறி அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அவரும் அதற்குமேல் சொல்வதில்லை. மக்கள் வீட்டிற்கு வந்த இடத்தில் தொல்லை கொடுக்கலாகாது என்று வாய்மூடி இருந்துவிடுகிறார்.

வயது ஒரு காரணமே. ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. நெடுநாள் நீரிழிவு கால் நரம்புகளை வாட்டி இச்செய்தியைக் குறைக்கும். வைட்டமின் பி12 குறைவும் அவ்வாறே. அது முற்றினால், தண்டுவடத்தின் பின்புறமாகத் தன்னிலை உணர்வை ஏந்திச் செல்லும் பாதையே பழுதடையும். இச்சத்து தாவர உணவில் இயல்பாக இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உண்டு. வயது ஏற ஏற உணவிலிருந்து அதனை உறிஞ்சும் ஆற்றலும் சிலர்க்குக் குறைகிறது. ஆதலின் சைவ உணவே கொண்டு, பாலையும் குறைத்துவிட்ட முதியோர்பால் இவ்வையம் எழவேண்டும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோருள் சிலர்க்கும் பி12 அளவு இறங்குவது உண்டு. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடலாகாது. மருத்துவரிடம் கூறி இரத்தச் சோதனை செய்துகொள்வதே முறை. குறை தொடக்கத்திலேயே தெரிந்தால் ஊசியாலும் மாத்திரையாலும் பெரும்பாலும் சீர்படுத்தலாம். நாள் கடந்துவிட்டால் இழந்தது முழுவதும் திரும்புவதில்லை. ‘வயதாகிவிட்டது’ என்று நாம் சொல்லிக் கழிக்கும் திங்கள்களே அந்நாட்கள்.

ஊரில் ஐம்பது ஆண்டு ஏறி இறங்கிய படியின் உயரம் அவர்கள் காலுக்குப் பழக்கம். இங்கே வாடகைக் குடியிருப்பில் குளியலறை வாயிற்படி புதிது. தரை வழுக்கும் கல். வடநாட்டுக் குளிர்காலத்தில் விடியலோ தாமதம். ஆதலின் அன்பர்கள் சிலவற்றைச் செய்யலாம். படுக்கையிலிருந்து குளியலறைவரை இரவு முழுவதும் சிறு விளக்கு ஒன்று எரியட்டும். காலின் குறையைக் கண் ஈடுசெய்ய ஒளி வேண்டும். குளியலறைச் சுவரில் பற்றிக்கொள்ள ஒரு கம்பி பொருத்துங்கள். நழுவும் மிதியடி விரிப்புகளை அகற்றுங்கள். முகம் கழுவும்போது முதியோர் அமர்ந்தோ ஒரு கையால் பற்றிக்கொண்டோ கழுவட்டும். கண் மூடி நிற்கும் சோதனையை வீட்டில் தனியே செய்து பார்க்கவேண்டா. அது மருத்துவர் அருகிருந்து செய்யவேண்டியது.

வீட்டில் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. பெரியவரைப் படுக்கச் செய்து கண் மூடச் சொல்லுங்கள். கால் பெருவிரலின் இரு பக்கங்களையும் மெல்லப் பற்றி, சிறிது மேலோ கீழோ அசைத்து, ‘இப்போது எந்தப் பக்கம்?’ என்று கேளுங்கள். மேலும் கீழுமாகப் பற்றினால் அழுத்தமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்; ஆதலின் பக்கங்களைப் பற்றுவதே முறை. விடை பலமுறை தவறினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். செருப்பு கழன்றதையும், பஞ்சுமெத்தை என்று கூறியதையும் அவரிடம் அவ்வாறே எடுத்துச் சொல்லுங்கள். மருந்துச்சீட்டைவிட அச்சொற்கள் மருத்துவருக்கு மிகுதியாக உதவும்.

கண் மங்கினால் கண்ணாடி வாங்கித் தருகிறோம். செவி மந்தமானால் உரக்கப் பேசுகிறோம். பெயர் தெரியாத காரணத்தாலேயே இப்புலனின் குறையை நாம் கேளாமல் விட்டுவிடலாகாது. இத்திங்கள் ஊரிலிருந்து தாய் தந்தையர் வந்திருக்கும் இல்லங்களில், ‘இரவில் நடக்கக் கால் எப்படி இருக்கிறது?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் கூறும் விடையை அமர்ந்து கேளுங்கள்.

அடுத்த திங்கள் உறக்கத்தைப் பற்றி எழுதுவோம்.